மூத்த ரூஸ்வெல்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் 26-வது அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை பற்றியும், அவர் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

சக்கர நாற்காலியில் இருந்த ரூஸ்வெல்ட்டும், மவுன்ட் ரஷ்மோர் மலையில் செதுக்கியிருக்கும் ரூஸ்வெல்ட்டும் ஒருவர்தானா?
— வாசகர், சேலம்

இல்லை. மலையில் இருப்பவர் தியோடர். குடியரசுக் கட்சிக்காரர், 1901 செப்டம்பர் முதல் 1909 மார்ச் வரை அதிபர். போலியோவில் கால் செயலிழந்தவர் ஃபிராங்க்ளின். ஜனநாயகக் கட்சி, 1933 முதல் 1945 வரை. இருவரும் தூரத்துப் பங்காளிகள். ஃபிராங்க்ளினின் மனைவி எலினோர் வழியாகத்தான் நெருங்கிய உறவு: எலினோர், தியோடரின் தம்பி எலியட்டின் மகள். 1905 மார்ச் 17-ல் நடந்த கல்யாணத்தில் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்தவர் பெரியப்பா தியோடர்தான். அப்போது அவர் பதவியில் இருந்த அதிபர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1902 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் தியோடர் போன குதிரை வண்டியில் டிராம் மோதியது. காலில் அடிபட்டு அறுவை சிகிச்சையும் நடந்ததால், அவரும் சில வாரம் சக்கர நாற்காலியில் இருந்தார். கீழே வரும் நிலக்கரிப் பேச்சுவார்த்தையை நடத்தியது அந்த நாற்காலியில் இருந்தபடிதான்.

பணக்கார வீட்டுப் பையனுக்கு ஏழைத் தொழிலாளியைப் பற்றி என்ன தெரியும்? சீர்திருத்தத்துக்கு எப்படி வந்தார்?
— வாசகி, தஞ்சாவூர்

பிறந்தது 1858 அக்டோபர் 27, நியூயார்க் நகரின் கிழக்கு 20-வது தெருவில். தந்தை கண்ணாடி வணிகர், தர்ம காரியங்களில் பெயர் பெற்றவர். பையனுக்கு ஆஸ்துமா, வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படிப்பு, பிறகு ஹார்வர்டு. 1881-ல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானபோது வயது 23.

அவர் கண்ணைத் திறந்தது சுருட்டுத் தொழில். அன்றைய நியூயார்க்கில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் குடியிருப்பிலேயே சுருட்டு சுற்றின. ஒரே அறையில் சமையல், தூக்கம், புகையிலைக் குவியல் எல்லாம். அதைத் தடை செய்யும் மசோதாவை ஆராயும் குழுவில் ரூஸ்வெல்ட்டைப் போட்டார்கள். எதிர்க்கும் எண்ணத்தோடுதான் போனார். அவர் வகுப்பில் எல்லாருக்கும் இருந்த நினைப்புதான்: கூலியும் வேலை நேரமும் சந்தை பார்த்துக்கொள்ளும். தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் அவரைக் கையோடு அந்த அறைகளுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். திரும்பியவர் மசோதாவை ஆதரித்தார். சட்டமும் வந்தது. 1885-ல் மாநில உயர் முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஒருவன் தன் வீட்டில் தன் தொழிலைச் செய்யும் உரிமையை அரசு பறிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். நீதிமன்றங்கள் மேல் அவருக்குக் கடைசிவரை இருந்த கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1912-ல் அது பெரிதாக வெடித்தது.

இடையில் 1884 பிப்ரவரி 14 அன்று தாய் டைபாய்டிலும், மனைவி ஆலிஸ் சிறுநீரக நோயிலும், ஒரே வீட்டில் ஒரே நாளில் இறந்தார்கள். மகள் பிறந்து இரண்டே நாள். டகோட்டா பகுதிக்குப் போய் மாட்டுப் பண்ணை வைத்தார். 1886–87 பனிக்காலம் மந்தையில் பெரும்பகுதியைக் கொன்றது. போட்ட பணம் போயிற்று, உடம்பு தேறியது.

அரசு வேலைக்குத் தேர்வு முறை கொண்டுவந்தது இவர்தானா?
— வாசகர், விருதுநகர்

கொண்டுவந்தது இவர் அல்ல. காகிதத்தில் இருந்ததை நடைமுறையாக்கியவர்களில் முக்கியமானவர்.

பழைய முறை இதுதான்: தேர்தலில் ஜெயித்த கட்சி, தபால் ஆபீஸ் குமாஸ்தா வரை தன் ஆளைப் போடும். வேலை கிடைத்தவர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சி நிதிக்குக் கட்ட வேண்டும். 1881-ல் வேலை கிடைக்காத ஒருவன் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டுக்கொன்ற பிறகு, 1883-ல் பென்டில்டன் சட்டம் வந்தது. போட்டித் தேர்வு, தகுதிகாண் காலம், அலுவலகத்தில் கட்சி நிதி வசூலுக்குத் தடை, மேற்பார்வைக்கு மூன்று பேர் கொண்ட ஆணையம். ஆனால் தொடக்கத்தில் மத்திய அரசு வேலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இதற்குள் வந்தது. மிச்சத்தை அதிபர் உத்தரவு போட்டுப் படிப்படியாகச் சேர்க்கலாம் என்று சட்டம் விட்டிருந்தது. இந்த ஓட்டைதான் வேடிக்கையாக நன்மையில் முடிந்தது. பதவி முடிந்து போகிற ஒவ்வொரு அதிபரும், தான் நியமித்த ஆட்களை அடுத்தவர் தூக்கிவிடாமல் இருக்க, அந்த இடங்களைத் தேர்வு முறைக்குள் தள்ளிவிட்டுப் போனார். சுயநலத்தாலேயே சீர்திருத்தம் வளர்ந்தது.

ரூஸ்வெல்ட் அந்த மூவரில் ஒருவராக 1889 முதல் 1895 வரை இருந்தார். ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 1891-ல் பால்டிமோரில் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தபோது நேரில் போனார். தபால் ஊழியர்கள் வேலை நேரத்தில் கட்சி வேலை பார்ப்பதையும் பணம் வசூலிப்பதையும் வாக்குமூலமாகவே எழுதி வாங்கி, 25 பேரை நீக்கச் சொன்னார். தபால் துறைத் தலைவர் வானமேக்கரோ, ரூஸ்வெல்ட்டின் சொந்தக் கட்சி அதிபர் ஹாரிசனோ அசையவில்லை. அதற்கு ரூஸ்வெல்ட்டிடம் இருந்த ஒரே ஆயுதம் பத்திரிகை. அறிக்கையை வெளியே விடுவது, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) குழு முன் சாட்சி சொல்வது, மறுப்பு வந்தால் அதற்கு இன்னொரு பதில். பிற்காலத்தில் எல்லாச் சண்டையிலும் இதே வழியில்தான் போனார்.

அவரைப் புகழும் கட்டுரைகளில் வராத ஒன்று: அதிபரான பின் 1902 ஜனவரியில், அரசு ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு நேரடியாகக் காங்கிரஸை அணுகக் கூடாது என்று வாய்ப்பூட்டு உத்தரவு போட்டவரும் இவரே. 1912-ல் சட்டம் போட்டுத்தான் அதை நீக்கினார்கள்.

போலீஸ் தலைவராக இருந்து மதுக்கடைகளை மூடினாராமே. பலித்ததா?
— வாசகர், நாகர்கோவில்

பலிக்கவில்லை. 1895 முதல் 1897 வரை நியூயார்க் போலீஸ் வாரியத்தின் தலைவர். ராத்திரியில் பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, தூங்கும் கான்ஸ்டபிள்களைப் பிடித்தார். இதுவரை ஊர் ரசித்தது.

ஞாயிற்றுக்கிழமை மது விற்கக் கூடாது என்ற மாநிலச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. யாரும் மதிக்கவில்லை; கடைக்காரர் போலீசுக்கு மாமூல் கட்டுவார், பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். லஞ்சத்தின் ஊற்றுக்கண்ணே இந்தச் சட்டம்தான் என்று கண்டுபிடித்த ரூஸ்வெல்ட், அதைக் கறாராக அமல்படுத்தினால் மாமூல் நிற்கும் என்று கணக்குப் போட்டார். வாரத்தில் ஆறு நாள் உழைத்து ஞாயிறு குடும்பத்தோடு பீர் குடிக்கும் ஜெர்மானியத் தொழிலாளிகள் கொதித்தார்கள். அடுத்த உள்ளூர்த் தேர்தலில் அவர் கட்சிக்கு அடி விழுந்தது.

1896-ல் ரெயின்ஸ் சட்டம் வந்து நிலைமை இன்னும் மோசமானது. ஓட்டல்கள் மட்டும் ஞாயிறன்று சாப்பாட்டோடு மது தரலாம். ஓட்டல் என்றால் குறைந்தது 10 படுக்கையறை. உடனே சாராயக்கடைகள் மாடியில் பலகைத் தடுப்பு வைத்துப் பத்து அறை கட்டின. மேசையில் ஒரு சாண்ட்விச்சை வைத்துவிட்டு, அதையே மேசைக்கு மேசை மாற்றி, ‘சாப்பாடு’ என்று காட்டினார்கள். கட்டிய அறைகள் சும்மா இருக்குமா? விபச்சார விடுதிகளாயின. ஒரு பழக்கத்தைக் கதவை மூடி ஒழிக்கலாம் என்று நினைத்தவருக்கு இதைவிடச் செலவான பாடம் கிடைத்திருக்காது. அதன் பிறகு ஒழுக்கச் சட்டங்கள் பக்கம் அவர் அதிகம் போகவில்லை.

அமெரிக்காவின் மிக இளைய அதிபர் கென்னடிதானே?
— வாசகர், ஈரோடு

தேர்தலில் ஜெயித்தவர்களில் கென்னடி (43). பதவியேற்றவர்களில் ரூஸ்வெல்ட் (42). நியூயார்க் ஆளுநராக இருந்தபோது கம்பெனிகளுக்கு வரி போட்டதில் எரிச்சலடைந்த கட்சித் தலைவர் தாமஸ் பிளாட், தொல்லை தீரட்டும் என்று இவரைத் துணை அதிபர் பதவிக்குத் தள்ளிவிட்டார். 1901 செப்டம்பர் 6-ல் பஃபலோ கண்காட்சியில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு, 14-ல் இறந்தார்.

பெரிய கம்பெனிக் கூட்டுகளை உடைத்தார் என்கிறார்கள். சட்டப்படி எப்படி உடைத்தார்? ராக்ஃபெல்லர், மார்கன் எல்லாம் பிறகும் பணக்காரர்களாகத்தானே இருந்தார்கள்?
— வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

ஏகபோகத்தைத் தடை செய்யும் ஷெர்மன் சட்டம் 1890-லேயே வந்துவிட்டது. ஆனால் 1895-ல் உச்ச நீதிமன்றம், நாட்டின் சர்க்கரை ஆலைகளை ஏறக்குறைய முழுதும் வளைத்துப்போட்ட கூட்டு மீதான வழக்கில், உற்பத்தி வேறு, வணிகம் வேறு, மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தில் மட்டுமே மத்திய அரசு தலையிடலாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே எந்தத் தொழிலைத் தொடுவது என்பதில்தான் சாமர்த்தியம் இருந்தது. ரூஸ்வெல்ட்டும் அவர் அட்டர்னி ஜெனரல் நாக்ஸும் ரயிலைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநில எல்லை தாண்டி ஓடும் ரயிலை வணிகம் இல்லை என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.

1901 நவம்பரில் நியூஜெர்சியில் பதிவான நார்தர்ன் செக்யூரிட்டீஸ் என்ற பங்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு 40 கோடி டாலர் மூலதனம். வடமேற்கில் ஒன்றுக்கொன்று போட்டியாக ஓடிய கிரேட் நார்தர்ன், நார்தர்ன் பசிபிக் என்ற இரு ரயில் கம்பெனிகளின் பங்குகளும் அதன் கைக்குள் போயின. வங்கியாளர் ஜே.பி. மார்கன், ரயில் முதலாளிகள் ஜேம்ஸ் ஹில், ஹாரிமன் மூவரும் உள்ளே. 1902 பிப்ரவரியில் வழக்கு அறிவிப்பு. மற்ற அமைச்சர்களுக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. விஷயம் கசிந்தால் பங்குச் சந்தையில் விளையாடிவிடுவார்கள்.

அடுத்த தடை காலம். கீழ்நீதிமன்றத்திலேயே ஆண்டுக்கணக்கில் இழுக்கலாம். அதற்காக 1903 பிப்ரவரியில் விரைவு விசாரணைச் சட்டம் வந்தது: அரசு முக்கியம் என்று சான்று கொடுக்கும் ஏகபோக வழக்கை முன்னுரிமை கொடுத்துக் கேட்க வேண்டும், மேல்முறையீடு நேராக உச்ச நீதிமன்றத்துக்கு. அதே மாதம் வழக்குச் செலவுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கீடு. சீர்திருத்தம் என்றால் மேடைப் பேச்சு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளலாம். இவை இல்லாவிட்டால் மீதி எல்லாம் சத்தம்தான். 1904 மார்ச் 14-ல் 5–4 என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. எதிராக எழுதியவர்களில் ரூஸ்வெல்ட்டே நியமித்த நீதிபதி ஹோம்ஸும் ஒருவர்!

பலன்? கம்பெனி கலைக்கப்பட்டது. பங்குகளை உரியவர்களுக்கு விகிதப்படி திருப்பித் தந்தார்கள், அதாவது ஹில்லும் மார்கனும் அதே ரயில்களின் பெரும் பங்குதாரர்களாகவே தொடர்ந்தார்கள். கடைசியில் 1970-ல் அந்த ரயில்கள் சட்டப்படியே பர்லிங்டன் நார்தர்ன் என்று ஒன்றாயின. வழக்கின் உண்மையான லாபம் முன்னுதாரணம்: மத்திய அரசு ஒரு பெரும் கம்பெனியைக் கூண்டில் ஏற்றி ஜெயிக்க முடியும்.

அவர் காலத்தில் போட்ட இப்படியான வழக்குகள் 45-ஐ ஒட்டி. அடுத்து வந்த டாஃப்ட் நான்கே ஆண்டில் அதைப்போல் இரு மடங்கு போட்டார். பெரியது எல்லாம் கெட்டது என்று ரூஸ்வெல்ட் நினைக்கவில்லை. கணக்கைக் காட்டு, ரயில் கட்டணத்தில் தனிச் சலுகை வாங்காதே, மிரட்டாதே என்பதே அவர் நிபந்தனை. அதற்குத்தான் 1903-ல் கம்பெனிகளின் கணக்கை ஆராயும் பிரிவு. 1906-ல் ரயில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும் ஹெப்பர்ன் சட்டம். 1907 நிதி நெருக்கடியில், மார்கனின் எஃகு நிறுவனம் டென்னசி நிலக்கரி–இரும்புக் கம்பெனியை விழுங்க அவரே தலையசைத்தார்.

1902 நிலக்கரி வேலைநிறுத்தத்தில் அவர் தொழிலாளர் பக்கம் நின்றாரா?
— வாசகர், நெய்வேலி

முதலாளி பக்கம் நிற்கவில்லை. அன்றைக்கு அதுவே புதுமை. அதற்கு முன் 1877-லும் 1894-லும் நடந்த ரயில் வேலைநிறுத்தங்களில் அதிபர்கள் ராணுவத்தை அனுப்பியது வேலைநிறுத்தத்தை உடைக்க.

பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியில் ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி கிடைக்கிறது. புகை குறைவு, கிழக்குக் கடற்கரை நகரங்களில் வீட்டு அடுப்பும் கணப்பும் அதை நம்பியே இருந்தன. மே 12-ல் சுமார் 1,40,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். கேட்டவை நான்கு: 20 சதவீதக் கூலி உயர்வு, 8 மணி நேர வேலை, எடை பார்த்துக் கூலி, சங்கத்துக்கு அங்கீகாரம். எடை விவகாரம் முக்கியம். ஒரு டன் என்பது 2,240 பவுண்டு. ஆனால் கல், தூசி கழிவு என்று சொல்லி, அதைவிட எவ்வளவோ கூடுதலாக வெட்டினால்தான் ஒரு டன் கூலி. வண்டிக் கணக்கு என்றால் வண்டியின் அளவு வருஷத்துக்கு வருஷம் பெரிதாகும்.

சுரங்கங்கள் பெரும்பாலும் ரயில் கம்பெனிகள் கையில். அவர்களின் பேச்சாளர் ஜார்ஜ் பேயர், சொத்தை நிர்வகிக்கக் கடவுளே தேர்ந்தெடுத்த கிறிஸ்தவ கனவான்கள் தொழிலாளர் நலனைப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு கடிதம் எழுதினார். அது பத்திரிகைக்குப் போய் ஊர் சிரித்தது. குளிர்காலம் நெருங்க விலை பல மடங்கு ஏறியது.

அதிபருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை. அக்டோபர் 3-ல் இரு தரப்பையும் வாஷிங்டனுக்குக் கூப்பிட்டார். சங்கத் தலைவர் ஜான் மிட்செல், நீங்கள் நியமிக்கும் நடுவர் சொல்வதை ஏற்கிறோம் என்றார். பேயர் மிட்செலோடு பேசவே மறுத்தார். அன்று யார் பக்குவமாக நடந்தது என்பது மறுநாள் நாட்டுக்கே தெரிந்தது.

அடுத்து ரூஸ்வெல்ட் செய்தது பாதி மிரட்டல். ராணுவத்தை அனுப்பி, சுரங்கங்களைக் கைப்பற்றி, அரசே கரி வெட்டும். அதற்கு ஜெனரல் ஸ்கோஃபீல்டைத் தயாராக வைத்திருந்தார். இது காதில் விழும்படி பார்த்துக்கொண்டார். இன்னொரு பக்கம் போர்த்துறைச் செயலர் எலிஹு ரூட், நியூயார்க்கில் மார்கனின் உல்லாசப் படகில் உட்கார்ந்து, தகராறை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஓர் ஆணையத்துக்குச் சம்மதம் வாங்கினார். முதலாளிகள் வைத்த நிபந்தனை: ஆணையத்தில் ராணுவப் பொறியாளர், சுரங்கப் பொறியாளர், நீதிபதி, கரி வியாபாரம் அறிந்தவர், சமூகவியல் அறிஞர் என ஐந்து பேர், தொழிலாளர் பிரதிநிதி கூடவே கூடாது. ரூஸ்வெல்ட், ரயில் கண்டக்டர் சங்கத் தலைவர் ஈ.ஈ. கிளார்க்கை ‘சமூகவியல் அறிஞர்’ இடத்தில் போட்டார். முதலாளிகள் வாய் திறக்கவில்லை! ஆளைப் பற்றியல்ல, தொழிலாளர் பிரதிநிதி என்ற பெயரைப் பற்றித்தான் அவர்களுக்குக் கவலை. ஒரு கத்தோலிக்க பிஷப்பையும் சேர்த்துக்கொண்டார். சுரங்கத் தொழிலாளிகளில் கத்தோலிக்கர் அதிகம்.

அக்டோபர் 23-ல் வேலைக்குத் திரும்பினார்கள். 1903 மார்ச் தீர்ப்பு: 10 சதவீத உயர்வு, பெரும்பாலோருக்கு 10 மணி நேரம் 9 ஆனது, தகராறு தீர்க்க இரு தரப்பிலும் மும்மூன்று பேர் கொண்ட நிரந்தரக் குழு. சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை. கேட்டதில் ஏறக்குறைய பாதி. குழுவில் உட்காரும் தொழிலாளர் தரப்பு மூவர் சங்கத்தின் ஆட்களாகவே இருந்ததால், அங்கீகாரம் பின்வாசல் வழியாக வந்தது என்று சொல்லலாம்.

‘டெடி’ கரடி பொம்மைக்கு அவர் பெயர் ஏன்?
— 8-ம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

1902 நவம்பரில் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனார். கூட வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்துக் கட்டிவைத்து, சுடுங்கள் என்றார்கள். கட்டிய மிருகத்தைச் சுடுவது வேட்டையல்ல என்று மறுத்துவிட்டார். பெரிமன் என்பவர் கார்ட்டூன் போட, புரூக்ளின் கடைக்காரர் ஒருவர் பொம்மை செய்தார். (காயம்பட்டிருந்த அந்தக் கரடியைக் கத்தியால் கொல்லச் சொன்னார் என்பதையும் உனக்குச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) ‘டெடி’ என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது.

இறைச்சிக் கூடங்களைப் பற்றிய ஒரு நாவலைப் படித்துவிட்டுத்தான் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாராமே? அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது?
— உணவு ஆய்வகத்தில் வேலை செய்யும் வாசகி, சென்னை

1906 ஜூன் 30 அன்று கையெழுத்தானவை இரண்டு சட்டங்கள்: இறைச்சி ஆய்வுச் சட்டம், தூய உணவு–மருந்துச் சட்டம். நீங்கள் சொல்லும் நாவல், அப்டன் சின்க்ளேரின் ‘தி ஜங்கிள்’, உதவியது முதலாவதுக்கு. இரண்டாவது பல ஆண்டுகளாகக் காங்கிரஸில் கிடந்தது.

இரண்டாவதின் பின்னால் இருந்தவர் வேளாண் துறைத் தலைமை வேதியியலாளர் ஹார்வி வைலி. 1902-ல் 12 இளைஞர்களுக்குத் துறையின் அடித்தளத்தில் மூன்று வேளையும் சாப்பாடு போட்டு, அதில் போராக்ஸ், பிறகு சாலிசிலிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு போன்ற பதனப்பொருள்களை அளந்து கலந்து, எடை, சிறுநீர், மலம் எல்லாம் குறித்துவைத்தார். பத்திரிகைகள் ‘விஷப் படை’ என்றன. இன்றைய கண்ணால் பார்த்தால் ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் குழு இல்லாத சோதனை. நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள். ஆனால் நாட்டின் கவனத்தைத் திருப்ப அது போதுமாக இருந்தது.

நாவல் வந்ததும் ரூஸ்வெல்ட், நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார். அறிக்கை கடுமையாக வந்தது. அதை உடனே வெளியிடவில்லை. செனட்டர் பெவரிட்ஜின் மசோதா வரும்வரை, வெளியிடுவேன் என்ற மிரட்டலாகவே கையில் வைத்திருந்தார். செனட் நிறைவேற்றியது, கீழவையின் வேளாண் குழு நீர்த்துப்போகச் செய்யப் பார்த்தது, ஜூன் 4-ல் அறிக்கையின் முதல் பகுதியை வெளியே விட்டார்.

பேரத்தில் எது கிடைத்தது, எது போயிற்று என்று பாருங்கள். பெவரிட்ஜ் கேட்டவற்றில் இரண்டு: ஆய்வுச் செலவைக் கம்பெனிகளே கட்ட வேண்டும், டப்பாவில் தேதி போட வேண்டும். இரண்டும் போயின. கிடைத்தது: வெட்டுமுன்பும் வெட்டியபின்பும் அரசு ஆய்வு, முத்திரை இல்லாமல் மாநில எல்லை தாண்டக் கூடாது, செலவுக்கு அரசு ஆண்டுக்கு 30 லட்சம் டாலர். பெரிய கம்பெனிகளுக்கு இதில் வருத்தம் அதிகமில்லை. ஐரோப்பாவில் படுத்துப்போன ஏற்றுமதிக்கு அரசு முத்திரை இலவச விளம்பரம்.

உணவு–மருந்துச் சட்டம் 1907 ஜனவரி 1 முதல் அமல். மருந்து பாட்டிலில் ஆல்கஹால், மார்ஃபின், ஓபியம், கோகெய்ன், ஹெராயின், கஞ்சா உள்ளிட்ட சிலவற்றின் அளவை லேபிளில் சொல்ல வேண்டும். தடை இல்லை, சொன்னால் போதும். குழந்தைகளைத் தூங்கவைக்க விற்ற டானிக்கில் மார்ஃபின் இருப்பது தாய்மாருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

ஓட்டைகளும் அதிலேயே. நிகர எடை போட வேண்டிய கட்டாயம் 1913-ல்தான் வந்தது. ‘புற்றுநோயைக் குணமாக்கும்’ என்று லேபிளில் புளுகுவது குற்றமா என்ற வழக்கில், உள்ளே இருப்பது என்ன என்பதில் பொய் சொன்னால்தான் குற்றம், குணத்தைப் பற்றிய பொய்க்குச் சட்டம் இடம் தரவில்லை என்று 1911-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்பனைக்கு முன் பாதுகாப்புச் சோதனை என்பதே இல்லை. 1937-ல் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்று 100-க்கு மேற்பட்டோர் இறந்தபோது, அரசு அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது ‘எலிக்சிர்’ (ஆல்கஹாலில் கரைத்த மருந்து) என்று பெயர் போட்டு ஆல்கஹால் இல்லாமல் விற்ற தவறான பெயருக்காக மட்டுமே! 1938-ல் புதுச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தபின் வைலிக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும் மோதல். வைலி சாக்கரினைத் தடை செய்யப் பார்த்தார். மருத்துவர் சொல்லி ரூஸ்வெல்ட் தினமும் சாப்பிட்டது சாக்கரின். வைலிக்கு மேல் ஒரு நிபுணர் குழுவை வைத்தார். தலைவர் ஐரா ரெம்சன், சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்ட ஆய்வகத்தின் பேராசிரியர்.

காடுகளைக் காப்பாற்றியதில் ‘நள்ளிரவுக் காடுகள்’ என்பது என்ன?
— வாசகர், உதகமண்டலம்

1891 சட்டப்படி அரசு நிலத்தைக் காப்புக்காடாக அறிவிக்க அதிபரின் பிரகடனம் போதும். 1907-ல் ஓரிகான் செனட்டர் ஃபுல்டன், வேளாண் துறை நிதி மசோதாவோடு ஒரு திருத்தத்தை ஒட்டினார்: வடமேற்கின் ஆறு மாநிலங்களில் இனிக் காங்கிரஸ் அனுமதி இல்லாமல் காப்புக்காடு கூடாது. நிதி மசோதா என்பதால் நிராகரித்தால் வனத்துறைக்கே சம்பளம் நிற்கும். கையெழுத்துக்குக் கடைசி நாள் மார்ச் 4. வனத்துறைத் தலைவர் பின்ஷோவின் ஆட்கள் இரவும் பகலும் வரைபடத்தில் எல்லை குறித்துக் கொடுத்தார்கள். மார்ச் 2-க்குள் 1.6 கோடி ஏக்கரை அறிவித்துவிட்டு, பிறகு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். கடைசி நேரத்தில் அறிவித்த அந்தக் காடுகள்தான் ‘நள்ளிரவுக் காடுகள்’.

கிராண்ட் கேன்யனைத் தேசியப் பூங்காவாக்கக் காங்கிரஸ் ஒப்பவில்லை. 1906 தொல்பொருள் சட்டம், வரலாற்று, அறிவியல் முக்கியத்துவம் உள்ள பொருளைச் சுற்றித் தேவையான சிறிய அளவு நிலத்தை நினைவுச்சின்னமாக்கலாம் என்கிறது. பாழடைந்த பழைய குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதியது. அதை வைத்து 1908-ல் 8 லட்சம் ஏக்கரை அறிவித்தார். 1920-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. ஆட்சி முடியும்போது பாதுகாப்புக்குள் வந்த நிலம் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர். அந்தப் பள்ளத்தாக்கிலேயே வாழ்ந்த ஹவசுபாய் பழங்குடிகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கியிருந்தது 518 ஏக்கர். சுற்றியுள்ள மேட்டு நில வேட்டைக்காடு அவர்கள் கையை விட்டுப் போனது. அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது 1975-ல்.

இந்தியா, இலங்கை பற்றி ஏதாவது சொன்னாரா? அவரை நாம் கொண்டாட வேண்டுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

இலங்கைக்கு அவர் கப்பல்கள் வந்தன. உலகைச் சுற்ற அனுப்பிய 16 வெள்ளைப் போர்க்கப்பல்கள் 1908 டிசம்பர் 13 முதல் 20 வரை கொழும்பில் நின்றன. இந்தியாவைப் பற்றி, 1909 ஜனவரியில் வாஷிங்டன் தேவாலயம் ஒன்றில் பேசும்போது பிரிட்டிஷ் ஆட்சியை வானளாவப் புகழ்ந்தார். வ.உ.சி. சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்த காலம் அது. கொண்டாடுவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உள்நாட்டிலும் ஒரு கறை உண்டு. 1906 ஆகஸ்டில் டெக்சஸின் பிரவுன்ஸ்வில்லில் இரவில் துப்பாக்கிச் சூடு; ஒருவர் சாவு. 25-வது காலாட்படையின் கறுப்பின வீரர்கள் மேல் பழி. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று, விசாரணை நீதிமன்றமே இல்லாமல் 167 பேரை வேலைநீக்கம் செய்தார். ஓய்வூதியம் போயிற்று. கறுப்பின வாக்காளர்கள் தேர்தலில் வாக்களித்து முடித்த பிறகே செய்தி வெளிவந்தது. 1972-ல் ராணுவம் அந்த உத்தரவை மாற்றியபோது ஏறக்குறைய எல்லாரும் இறந்துவிட்டிருந்தார்கள். நிலக்கரி விஷயத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துக் கேட்டவர், இங்கே ஒருவரையும் கேட்கவில்லை.

இனி நிற்க மாட்டேன் என்றவர் 1912-ல் ஏன் நின்றார்? மார்பில் குண்டோடு பேசியது நிஜமா?
— வாசகி, புதுச்சேரி

நிஜம். 1912 அக்டோபர் 14, மில்வாக்கியில் ஒருவன் அவரைச் சுட்டான். சட்டைப் பையில் 50 பக்க உரை இரண்டாக மடித்து இருந்தது. கூடவே உலோக மூக்குக்கண்ணாடிப் பெட்டி. குண்டு இரண்டையும் துளைத்து வேகம் குறைந்து விலா எலும்பில் நின்றது. இருமிப் பார்த்தார், ரத்தம் வரவில்லை. நுரையீரலில் படவில்லை என்று முடிவு செய்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். குண்டைக் கடைசிவரை எடுக்கவில்லை.

இனி நிற்க மாட்டேன் என்பது 1904 தேர்தல் இரவில் அவர் அவசரப்பட்டுக் கொடுத்த வாக்கு. தன் வாரிசாகக் கொண்டுவந்த டாஃப்ட், பின்ஷோவை வேலையை விட்டு நீக்கினார்; 1911-ல் எஃகு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, 1907-ல் ரூஸ்வெல்ட் ஏமாந்துவிட்டார் என்று மறைமுகமாகச் சொன்னார். இரண்டாவதுதான் அதிகம் சுட்டது என்பது எங்கள் கணிப்பு. கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் நேரடியாக வாக்களித்த மாநிலங்களில் ரூஸ்வெல்ட் பெரும்பாலானவற்றை ஜெயித்தார். ஆனால் வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டில் சர்ச்சைக்குரிய பிரதிநிதி இடங்களை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்த கட்சிக் குழு டாஃப்ட்டின் கையில். 254 இடங்களில் ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தது 19. வெளியேறி முற்போக்குக் கட்சி கண்டார்.

அதன் அறிக்கையில் பெண்களுக்கு வாக்குரிமை, குழந்தைத் தொழிலுக்குத் தடை, பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, நோய்க்கும் முதுமைக்கும் வேலையின்மைக்கும் சமூகக் காப்பீடு எல்லாம் இருந்தன. நீதிமன்றம் ரத்து செய்த மாநிலச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்பால் மீட்கலாம் என்பதும் இருந்தது. சுருட்டுச் சட்டத்தின் கணக்கு தீரவில்லை. இந்தக் கடைசி யோசனைதான் அவர் பக்கம் சாய்ந்திருந்த பழைய நண்பர்களையும் வக்கீல்களையும் விரட்டியது. தெற்கிலிருந்து வந்த கறுப்பினப் பிரதிநிதிகளை மாநாட்டில் சேர்க்கவும் இல்லை.

வாக்கு: ஜனநாயகக் கட்சியின் வில்சன் 41.8 சதவீதம், ரூஸ்வெல்ட் 27.4, டாஃப்ட் 23.2. அதிபரை முடிவு செய்யும் மாநிலவாரித் தேர்வாளர் வாக்குகள் அதே வரிசையில் 435, 88, 8. மூன்றாவது கட்சி வேட்பாளர் ஒருவர் இரண்டாம் இடம் பிடித்தது அதன் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. 1919 ஜனவரி 6 அதிகாலை ஆய்ஸ்டர் பே வீட்டில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 60.